ஆண்டறிக்கை 2024–25: நீல டிக்கும் சிவப்பு வட்டமும்

அவைத்தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மதுரையின் நாலா பக்கமிருந்தும் மஞ்சப்பையில் பழைய காமிக்ஸைச் சுமந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது காமிக்ஸ் சங்கத்தின் விதிப்படி ஆண்டறிக்கையைப் பத்து நிமிடத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும். சென்ற ஆண்டு நான் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. எழுதியவர் நமது இணைச் செயலாளர். இன்றும் அவர் கையில் கடிகாரத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவைக்குத் தெரிவித்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இன்றைய தேதியில் உறுப்பினர்கள் 38 பேர். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அதில் இருவர் கல்லூரி மாணவர்கள், அதாவது பழைய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைத் தாத்தா சொல்லித் தெரிந்துகொண்டவர்கள். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. மழையில் ஒன்று நின்றுபோனது.

நம்மை விட்டுப் பிரிந்தவர் ஒருவர். அவருடைய பெயரை அறிக்கையில் போட வேண்டாமென்று வீட்டார் கேட்டுக்கொண்டதால், நாம் எப்போதும் அழைத்தபடி ‘நோட்டு ஐயா’ என்றே குறிப்பிடுகிறேன். புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அங்கே தையல் மிஷின் போட்டிருந்தவர். பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் எந்தக் கட்டுப் பிரிந்தாலும் முதலில் கை வைப்பவர் அவர்தான். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, வயது ஆகிவிட்டது என்று சொல்லி மிஷினை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். ஆவணியில் காலமானார்.

செய்தி நமக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் அவருடைய புத்தகங்கள் எடைக்குப் போயிருந்தன. வீட்டார் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அறை வீடு, காரியத்துக்கு வந்த உறவினர்களைப் படுக்க வைக்க இடமில்லை, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானும் பொருளாளரும் வண்டியை எடுத்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனோம். 47 புத்தகங்களை மீட்டோம். பாதிக்கு அட்டை இல்லை.

ஆனால் அவருடைய நோட்டு தப்பித்துவிட்டது. ஒரு பக்கம் காமிக்ஸ் பட்டியல், மறுபக்கம் வாடிக்கையாளர்களின் சட்டை அளவும் வராத பாக்கியும். பாக்கியை நினைத்துத்தான் வீட்டார் அதை எறியவில்லை. 212 தலைப்புகள், எல்லாம் பென்சிலில். பெரும்பாலானவற்றின் எதிரே நீல மையில் டிக். ஒன்பது தலைப்புகளுக்கு மட்டும் டிக் இல்லை, சிவப்பு வட்டம். இந்த ஒன்பது வட்டங்களால் நமது சங்கத்தில் நடந்த சண்டையைப் பின்னால் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்களுக்கு வருகிறேன். ஜூன் கூட்டம் இரும்புக்கை மாயாவிக்கு. 1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே இவர்தான் என்பது நம்மில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாயாவியின் பூர்வீகம் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழ், 1962. அங்கே அவர் பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வகத்தில் உதவியாளர், விபத்தில் வலது கையை இழந்தவர். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவர் வில்லன் என்று கட்டுரை வாசித்தவர் சொன்னதும், பின்வரிசையில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஏஜெண்டாக மட்டுமே அவரை அறிந்தவர்களுக்கு அது அதிர்ச்சிதான். பார்சிலோனா ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ போட்ட அந்தக் கறுப்பு வெள்ளை நிழல்களைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினோம். சாணித்தாளில் பார்த்தபோது கறுப்புத் திட்டாகத் தெரிந்த இடத்தில் ஒரு முகம் இருந்தது. ஐம்பது ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்.

அதே கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர், எட்டாம் வகுப்பில் அடுப்பு இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பல்பு ஹோல்டரைத் தொட்டதை ஒப்புக்கொண்டார். சுவரில் போய் விழுந்திருக்கிறார். மறையவில்லை. மின்வாரியத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை: மாயாவி தொடுகிற அளவு மின்சாரத்தை யார் தொட்டாலும் மறைந்துதான் போவார்கள், கைகூட மிஞ்சாது.

ஆகஸ்டில் ‘கூர்மண்டையர்’ ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதனோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் புதிய உறுப்பினர்களில் இருந்தார்கள். இப்போது இல்லை. கூரான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, பறக்கும் வண்டியான ஹெலிகார், கூடவே கூட்டாளிகள் பேராசிரியர் பெல்ஹாமும் ஆர்டினியும். உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசையோடு 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் அறிமுகமாகி, நாளடைவில் நல்லவன் பக்கம் சாய்ந்தவர். அந்த வார இதழ் 1974இல் நின்றது. பத்து ஆண்டு கழித்து, 1984இல், அதே பெயரில் சிவகாசியிலிருந்து நமது லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடர் இங்கே ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற கதையோடு இறங்கி இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கினார்.

அன்று கிடைத்த தகவலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்று. ஸ்பைடரைப் படைத்தவர்கள் எழுத்தாளர் டெட் கோவனும் ஓவியர் ரெக் பன்னும். ஆனால் முதல் சில கதைகளுக்குப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் வழக்காடிய அதே சீகல். பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயர் போடும் வழக்கமில்லை. ஆகவே சூப்பர்மேனின் தகப்பன் எழுதிய கதைகளை நாம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கி, யார் எழுதியதென்றே தெரியாமல், வகுப்பில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்திருக்கிறோம்.

பிரிட்டனில் இந்த இரண்டு நாயகர்களும் வெகுகாலம் மறக்கப்பட்டிருந்தார்கள். ரெபெல்லியன் நிறுவனம் பழைய பிரிட்டிஷ் கதைகளின் உரிமையை வாங்கிய பிறகுதான் மாயாவியும் ஸ்பைடரும் 2021இல் அங்கே புத்தகமாக மறுபதிப்புக் கண்டார்கள். இங்கே மறுபதிப்பு போதும் என்று வாசகர் கடிதம் எழுதும் அளவுக்கு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினரின் அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, அட்லஸ் நிறுவனத்தின் ஐந்து இதழ்களைக் கொண்டுவந்தார். மார்வெலை 1939இல் தொடங்கிய மார்ட்டின் குட்மேன் அதை 1968இல் விற்றார், 1972இல் வெளியேறினார். மகனுக்கு அங்கே இடமில்லாமல் போன கோபம். 1974இல் சீபோர்டு என்ற பெயரில் புது நிறுவனம், புத்தகங்களுக்கு அட்லஸ் என்ற முத்திரை. அது ஐம்பதுகளில் மார்வெலே பயன்படுத்திய பெயர்! பங்காளிச் சண்டையில் பழைய வீட்டுப் பெயரையே புது வீட்டுக்கு வைப்பதுபோல. போதாததற்கு ஆசிரியர்களில் ஒருவராக மார்வெலின் முகமான ஸ்டான் லீயின் தம்பி லாரி லீபரையும் உட்கார வைத்தார்.

ஓவியர்களுக்குப் பக்கத்துக்கு மற்றவர்களைவிட அதிகக் கூலி, வரைந்த மூலப்படத்தைத் திருப்பிக் கொடுப்போம் என்ற வாக்குறுதி. ஸ்டீவ் டிட்கோ வந்தார், வாலி வுட் வந்தார், ஹோவர்ட் சைக்கின் வந்தார். இருபதுக்கு மேற்பட்ட தலைப்புகளை ஒரே மூச்சில் இறக்கினார்கள். அதில் எதுவுமே நான்காம் இதழைத் தாண்டவில்லை. 1975 முடிவதற்குள் கடை சாத்தப்பட்டது.

பணமில்லாமல் நின்றது என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். பொறுமையில்லாமல் நின்றது என்பது என் கட்சி. கடையில் எவ்வளவு விற்றது என்ற கணக்குத் திரும்பி வர மாதங்களாகும் காலம் அது. இவர்களோ இரண்டாம் இதழ் முடிவதற்குள் நாயகனையே மாற்றினார்கள். ‘ஸ்கார்ப்பியன்’ முப்பதுகளில் நடக்கும் சாகசக் கதை. மூன்றாம் இதழைப் புரட்டினால் அவர் நிகழ்காலத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறார். சைக்கின் கோபித்துக்கொண்டு போய், கிட்டத்தட்ட அதே ஆளை டொமினிக் ஃபார்ச்சூன் என்று மார்வெலில் வரைந்தார். ஐந்து இதழ்களையும் கைக்கு கை மாற்றிப் பார்த்தபோது நாங்கள் கவனித்தது, கதை பாதியில் நிற்கும் கடைசிப் பக்கங்களை.

அந்தச் சூட்டோடு டவர் காமிக்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. 1965 முதல் 1969 வரை வாழ்ந்த நிறுவனம். வாலி வுட் பொறுப்பில் வந்த ‘தண்டர் ஏஜெண்ட்ஸ்’ 20 இதழ்கள். அதில் நோமேன் என்றொரு கிழவர், உயிரை இயந்திர உடல்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மாயப் போர்வை போர்த்தி மறைவார். மென்டார் என்ற நாயகனை ஏழாம் இதழிலேயே நிஜமாகக் கொன்றுவிட்டார்கள், அந்தக் காலத்தில் அரிதான துணிச்சல். கட்டுரை நன்றாக இருந்தது. புத்தகம் ஒன்றுகூட மேசைக்கு வரவில்லை.

நவம்பரில் ஒரே ஒரு நாயகனுக்காகக் கூட்டம் சிரித்துக் கலைந்தது. 1953இல் ஃபாசெட் நிறுவனம் சூப்பர்மேன்காரர்களோடு வழக்கில் சமரசம் செய்துகொண்டு கேப்டன் மார்வெலை நிறுத்தியது. பெயர் கேட்பாரற்றுக் கிடந்தது. 1966இல் மைரன் ஃபாஸ் என்ற பதிப்பாளர் அந்தப் பெயரை எடுத்து வேறொரு ஆளுக்கு மாட்டினார். ஆக்கியவர் கார்ல் பர்கோஸ், 1939இல் மார்வெலின் முதல் ‘மனித ஜோதி’யைப் படைத்தவர். இந்தக் கேப்டன் ‘ஸ்பிளிட்!’ என்று கத்துவார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் பறந்து போய்ச் சண்டை போடும். ‘ஸாம்!’ என்றால் எல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். நான்கு இதழோடு முடிந்தது. நமது கல்லூரி மாணவர் இதைக் கேட்டுவிட்டு, ‘தாத்தா, இது உடம்பை ஒன்பது துண்டாக்கிக்கிற நவகண்டம்ல?’ என்றார். அவர் இந்த ஆண்டின் சிறந்த புது உறுப்பினர் என்று செயற்குழு தனியாகத் தீர்மானிக்கவில்லை, நான் தீர்மானித்துவிட்டேன்.

ஜனவரியில் ‘சுப்ரீமோ’. அமர் சித்ர கதா வெளியிட்ட இந்தியா புக் ஹவுஸே 1983இல் அமிதாப் பச்சனை முகமூடி நாயகனாக்கி நடத்திய வரிசை. ஓவியம் பிரதாப் முல்லிக், கதை ஆலோசனை குல்சார். இரண்டு ஆண்டு ஓடியது. ஒரே ஓர் ஆங்கிலப் பிரதி, அதுவும் நடுப்பக்கம் இல்லாமல் வந்தது. பார்த்தோம்.

இனி வட்டங்களின் கதை. நமது சங்கம் நான்கு ஆண்டாகத் தயாரித்துவரும் தமிழ் காமிக்ஸ் பட்டியலில் நோட்டு ஐயாவின் 212 தலைப்புகளையும் சேர்க்கலாம் என்று டிசம்பரில் தீர்மானம் வந்தது. பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பிரச்சினையில்லை. ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை 500 இதழ், எண் போட்டு வந்தது. சிக்கல் எல்லாம் சின்னப் பதிப்பகங்களில். எண் இருக்காது, தேதி இருக்காது, நிறுத்துகிறோம் என்று ஒரு வரி அறிவிப்பும் இருக்காது. சிவப்பு வட்டமிட்ட ஒன்பதும் அப்படி நின்றுபோன ஒரே பதிப்பகத்தின் தலைப்புகள். வேறு யாரிடமும் அவை இல்லை. மிக அரிய பிரதிகள் என்பதால்தான் ஐயா வட்டமிட்டார் என்றது ஒரு தரப்பு. இரண்டு பேர் அதில் ஒன்றைச் சின்ன வயதில் படித்ததாகவே சொன்னார்கள். ஒருவர் கதையையும் சொன்னார். கூட்டம் சூடாகி, ஒருவர் தேநீர் குடிக்காமல் வெளியேறினார்.

பிப்ரவரியில், எடைக் கடையிலிருந்து மீட்ட 47 புத்தகங்களைச் சுத்தம் செய்யும்போது பதில் கிடைத்தது. ராமபாணப் பூச்சி அரித்த ஒரு பிரதியின் பின்னட்டையில் ‘விரைவில் வெளிவருகிறது’ என்று ஒன்பது தலைப்புகள். நோட்டில் உள்ள அதே ஒன்பது, அதே வரிசை. ஐயா அவற்றை வைத்திருக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்து எழுதிவைத்துவிட்டு, வந்ததும் டிக் போடலாம் என்று காத்திருந்திருக்கிறார். கதை சொன்ன உறுப்பினரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு புத்தகம் நினைவில் இருக்கிறது. அட்டைப்படம்கூடத் தெரிகிறது.

ஆகவே செயற்குழுவின் முடிவு: கையில் புத்தகம் இருந்தால்தான் பட்டியலில் ஏறும். அறிவிப்பு மட்டும் வந்தவற்றுக்குத் தனி நோட்டு. அதற்கு நோட்டு ஐயாவின் ஒன்பதும் முதல் பதிவு, சிவப்பு மையிலேயே. பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஸ்கேனர் வாங்கியதில் கையிருப்பு கரைந்தது, அவ்வளவுதான். மூன்று வேண்டுகோள்கள். அருள்கூர்ந்து யாரும் பழைய அட்டையில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகி எழுத்தைத் தின்கிறது. பத்துப் புத்தகத்தைச் சேர்த்து பைண்டு பண்ணி ஓரம் வெட்டாதீர்கள், வெட்டிய ஓரத்தில்தான் ‘அடுத்த வெளியீடு’ இருக்கிறது. மூன்றாவது, எடைக் கடையிலிருந்து வந்த புத்தகங்களில் ‘பாம்புத் தீவு’ மார்ச் கூட்டத்துக்குப் பிறகு மேசையில் இல்லை. எடுத்துப்போனவர் படித்து முடித்திருப்பார் என்று நம்புகிறேன். நோட்டில் அதற்கு நீல டிக் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்