ரீமேக் என்றாலே சிரிக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை செல்லூரில் மொட்டை மாடியில் கூடினோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய டிவி கேம் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி, அந்தக் கனமான டப்பா டிவியை இரண்டு பேர் மூச்சு வாங்கப் படியேற்றிக் கொண்டுவந்து, பஜ்ஜியும் டீயுமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிராகுலாவின் கோட்டைக்குள் சாட்டையோடு போகிற காசில்வேனியா விளையாட்டுப் பேச்சு வந்ததும் என் அக்கா மகன், பிளஸ் டூ படிக்கிறவன், அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவன், ஆசையாக வாயைத் திறந்தான். தனக்கு அதன் ரீமேக்கான சூப்பர் காசில்வேனியா நாலுதான், நாம் சூப்பர் நாலு என்கிறோமே அதுதான், ரொம்பப் பிடிக்கும், அதில் சாட்டையை எட்டுத் திசையிலும் வீசலாம், முதல் கேமையும் முடித்துவிட்டேன், ஆனால் நடுநடுவே சேவ் போட்டுத்தான் முடித்தேன் என்றான். "அதெல்லாம் முடிச்சதுல சேர்த்தியா தம்பி?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். மாடியே சிரித்தது. ரீமேக் எல்லாம் பாப்பா விளையாட்டு என்று இன்னொருவர் சொன்னார். அவன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் திரும்பும்போது வழியில் "இனிமே நான் வரல சித்தி" என்றான்.

நீங்கள் யாரும் மனதில் விஷம் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது இன்னும் உறுத்துகிறது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நானும் அந்தப் பழைய கேசட்டில் வளர்ந்தவள்தான். தொண்ணூறுகளில் எங்கள் பெரியப்பா மகன் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் டிவி கேமை வாடகைக்கு எடுத்து வருவான். கேசட்டை ஊதி, கீழே தட்டி, மறுபடியும் ஊதிச் சொருகினால்தான் படம் வரும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, அண்ணன் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் எனக்கு ரிமோட் கிடைக்கும். சைமன் பெல்மாண்ட் என்கிற பெயரெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. அவன் எங்களுக்குச் சாட்டைக்காரன். மெழுகுவர்த்தியை அடித்தால் இதயம் விழும், அது உயிர் இல்லை, கோடரியும் தீர்த்தப் புட்டியும் வீசுவதற்கான கணக்கு என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு ஞாயிறு ஆனது. சுவரை உடைத்தால் உள்ளே கறி இருக்கும், அதைத் தின்றால்தான் உயிர் ஏறும். அந்தக் கறி எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரிந்த பையன்தான் அன்றைக்குத் தெருவிலேயே பெரிய ஆள்.

மொத்தம் பதினெட்டு ஸ்டேஜ். மூன்று மூன்றாக ஆறு கட்டு. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு முன்னால் நின்று, சந்தனம் பூசிய அந்த மூடிய கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளையாட்டு ஞாபகம் வரும். பதினெட்டு மந்திரவாதிகளைப் படிக்குப் படி அடக்கிவைத்த கதையை ஆத்தா மடியில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, சாட்டையோடு ஒருத்தன் படியேறிப் போய் மேலே இருக்கிற ரத்தக் காட்டேரியை அடிப்பது விளங்காமலா போகும்? யாரும் எங்களுக்குக் கதை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதிலும் இந்த விளையாட்டில் ஆளைக் கொல்லுவதே படிதான். படியில் நிற்கும்போது குதிக்க முடியாது, அந்த நேரம் பார்த்து வௌவால் வரும்.

சரி, சேவ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவனை அதிகம் நோகடித்தது அதுதான்.

1986 செப்டம்பரில் ஜப்பானில் இந்த விளையாட்டு முதன்முதலில் வந்தது கேசட்டில் இல்லை அண்ணே. ஃபேமிகாம் என்கிற தன் டிவி கேம் பெட்டிக்கு நிண்டெண்டோ கம்பெனி போட்ட டிஸ்க் கருவிக்காக, டிஸ்க்கில் வந்தது. அந்த டிஸ்க்கில் சேவ் இருந்தது. விட்ட இடத்தைப் பதிந்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். 1987இல் அமெரிக்காவுக்குக் கேசட்டாகப் போனபோதுதான் அந்த வசதி போனது. அதாவது, நாம் வீரம் என்று நெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிறோமே, ஒரே மூச்சில் முடிப்பது, அது செய்தவர்கள் முதலில் நினைத்த முறையே இல்லை. இன்னொன்றும் உண்டு. 1993இல் ஜப்பானில் அதே விளையாட்டை, அதைச் செய்த கொனாமி கம்பெனி கேசட்டில் போட்டபோது, கூடவே எளிதாக ஆடுவதற்கு ஒரு முறையையும் சேர்த்தது. கஷ்டப்படுகிறவனுக்குக் கை கொடுக்கலாம் என்று அந்தக் கம்பெனியே நினைத்திருக்கிறது. அப்படியிருக்க, செல்லூர் மாடியில் உட்கார்ந்து நாம் ஏன் கதவைச் சாத்துகிறோம்?

நமக்குச் சேவ் இல்லாதது வேறு ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் வலிக்கிறது, அது கரண்ட். பன்னிரண்டாவது ஸ்டேஜ் வரை போயிருப்போம், டப்பென்று தெருவே இருட்டாகும், அண்ணன் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவான். யாரும் பேச மாட்டோம். கரண்ட் வருகிறவரை நான் முதல் ஸ்டேஜ் இசையை வாயால் பாடிக்கொண்டிருப்பேன், பெரியம்மா அடுப்படியிலிருந்து வாயை மூடச் சொல்வார். அந்த இசையைப் போட்ட கினுயோ யமஷிதா ஒரு பெண், கொனாமியில் சேர்ந்த புதிதிலேயே அதைப் போட்டவர், சதோயே தெராஷிமா என்ற இன்னொரு பெண்ணும் அதில் சேர்ந்து வேலை செய்தவர் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பழைய டிராகுலா படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைத் திரித்து 'ஜேம்ஸ் பனானா' என்று போட்டிருந்தார்கள். பதினான்கு வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால் ரிமோட்டுக்காக இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சண்டை போட்டிருப்பேன்.

இப்போது ரீமேக். ஒரிஜினல், ஒரிஜினல் என்கிறோம். அதே 1986இலேயே எம்.எஸ்.எக்ஸ்2 கணினிக்கு இதையே வேறு மாதிரி செய்து விட்டார்கள், அதில் சாவி தேடி அலைய வேண்டும். அப்புறம் கடைகளில் காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் பெட்டிக்கு ஒன்று. 1991இல் நம் பையன் சொன்ன சூப்பர் நாலு. அதன் பெயரில் நாலு என்று இருப்பது அமெரிக்காவில் வைத்ததால். ஜப்பானில் அதற்கு முதல் விளையாட்டின் பெயரேதான், ஏனென்றால் அது அதே கதையைத் திரும்பச் சொல்வது. 1993இல் ஷார்ப் எக்ஸ்68000 கணினிக்கு இன்னொன்று, அதைப் பிறகு 2001இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே சைமன், ஒரே கோட்டை, ஒரே டிராகுலா. நம்ம ஊரில் வள்ளி திருமணம் நாடகம் போடுகிற மாதிரிதான். ஒவ்வொரு செட்டும் தன் தர்க்கத்தைத் தன் பாணியில் பாடும், போன வருசம் பாடினவன்தான் முருகன், இவன் இல்லை என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதில்லை.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் 1986தான் எல்லாவற்றிலும் சிறந்தது. காரணம் அந்தக் குதி. சைமன் தரையை விட்டுக் கிளம்பினால் கிளம்பினதுதான், நடு வானத்தில் திரும்ப முடியாது, சாட்டையும் பொத்தானை அழுத்தியவுடன் வராது, ஒரு கணம் பின்னால் இழுத்துத்தான் வீசுவான். ஆகையால் ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். சூப்பர் நாலில் பறந்துகொண்டே திரும்பலாம், படியில் குதித்து ஏறலாம், சாட்டை மேலே கீழே குறுக்கே எல்லாம் போகும். அப்படிப் போவதால் கோடரிக்கும் தீர்த்தத்துக்கும் வேலை குறைந்துவிடுகிறது. மேலே இருப்பவனை அடிக்கத்தானே அந்தக் காலத்தில் கோடரியைத் தேடி அலைந்தோம். இதை அவனிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அவன் காதை இரண்டாக்கிக் கேட்டிருப்பான். "பாப்பா விளையாட்டு" என்று சொன்னால் அதிலிருந்து அவன் என்னத்தைக் கற்றுக்கொள்வான்?

வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரவே அவனை உட்காரவைத்துப் பதினைந்தாவது ஸ்டேஜைப் போட்டேன். உங்களுக்குத் தெரியும், அந்த நீளமான நடை. எதிரே இரும்புச் சட்டைக்காரன் மேலேயும் கீழேயுமாகக் கோடரி வீசுவான், மெடூசா தலைகள் பாம்பு நெளிகிற மாதிரி ஏறி இறங்கி வரும், ஒன்று பட்டால் பின்னால் தூக்கி எறியும். கடைசியில் எமன் நிற்பான், சுற்றிலும் கதிர் அறுக்கும் அரிவாள்கள் பறக்கும். சேவ் போடாமல் ஆடு என்றேன். ஒன்பது தடவை செத்தான். பத்தாவது தடவை, தலை ஏறி இறங்குவதில் ஒரு தாளம் இருப்பதைக் கண்டுகொண்டு, கோடரி மேலே வரும்போது குனிந்து, கீழே வரும்போது குதித்து, தீர்த்தப் புட்டியைக் கைவிடாமல் எமன்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். தீயில் எமன் அப்படியே நின்றுவிட்டான், அடுத்த புட்டி, அடுத்த புட்டி. முடிந்ததும் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இதுக்குத்தான் அவுங்க அப்படிச் சொன்னாங்களா சித்தி?" என்றான். ஆமாம், இதற்குத்தான் சொன்னார்கள், ஆனால் சொன்ன விதம் தப்பு என்றேன்.

கோபப்பட வேண்டும் என்றால் அதற்கும் சரியான இடம் இருக்கிறது. 2009இல் நிண்டெண்டோவின் வீ பெட்டியில் இணையக் கடை வழியாகத் தரவிறக்கமாக மட்டும் வந்த அட்வென்ச்சர் ரீபர்த் என்கிற காசில்வேனியா, கையடக்கக் கேம்பாயில் வந்த தள்ளாடும் ஒரு விளையாட்டை எடுத்து எம்2 என்கிற ஜப்பானியக் குழு அழகாகத் திருத்திச் செய்தது. அந்தக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது, அதோடு அதைக் காசு கொடுத்து வாங்க வழியில்லாமல் போனது. பழசோ புதுசோ, ஒரு விளையாட்டு இப்படிக் காணாமல் போவதுதான் நாம் கத்த வேண்டிய விஷயம். நல்ல வழியும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. 2007இல் பி.எஸ்.பி. என்கிற கையடக்கப் பெட்டியில் ரோண்டோ ஆஃப் பிளட் என்கிற காசில்வேனியாவை முப்பரிமாணப் படத்தில் மறுபடி செய்தபோது, 1993இன் மூல விளையாட்டையும் அதன் தொடர்ச்சியான சிம்பொனி ஆஃப் த நைட்டையும் உள்ளேயே ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். 2024இல் வந்த டொமினஸ் என்கிற காசில்வேனியாத் தொகுப்பில், யாருமே விரும்பாத அந்த ஆர்கேட் விளையாட்டு அப்படியே இருக்கிறது, பக்கத்திலேயே எம்2 அதைப் புதிதாகச் செய்து கொடுத்ததும் இருக்கிறது. எது நல்லது என்று ஆடுகிறவன் பார்த்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் ஆடிப் பார்த்தேன், பழையதில் இரண்டாவது ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லை, புதியதை ஒரு வாரத்தில் முடித்தேன், சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கூட்டம் சித்திரைத் திருவிழா முடிந்து வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. இரண்டு டிவி வைப்போம். ஒன்றில் 1986, ஒன்றில் சூப்பர் நாலு, நடுவில் சின்னப் பிள்ளைகள். யார் எதை எப்படி ஆடினாலும், சேவ் போட்டாலும் போடாவிட்டாலும், சிரிப்பு வேண்டாம். எந்தச் சுவரில் கறி இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். "சேர்த்தியா தம்பி" என்று கேட்ட அண்ணன்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறவர், அவரே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசினால் அவன் கட்டாயம் வருவான். இரண்டாவது டிவி எங்கள் வீட்டில் இருக்கிறது, இருபத்தொரு இஞ்ச், படம் நன்றாக இருக்கிறது. தூக்க மட்டும் ஆள் அனுப்புங்கள்.

அன்புடன்,
விளாங்குடியிலிருந்து உங்கள் தங்கச்சி