வான்கோழியை அனுப்பியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ கதையை வைத்து வந்த படங்களைப் பற்றி உங்கள் கிறிஸ்துமஸ் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘எல்லாம் ஒரே கதைதான், ஸ்க்ரூஜாக நடிப்பவர் மட்டும் மாறுகிறார்’ என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார். எனக்கு இடறியது அங்கேதான். 1843 டிசம்பரில் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் பல படங்கள் கை வைத்திருக்கின்றன.

எச்சில் கையால் காக்காய் ஓட்டாத முதலாளி ஸ்க்ரூஜ், ராத்திரி வந்த ஆவிகள் அவர் மனத்தை மாற்றிவிட்டுப் போன மறுநாள் கிறிஸ்துமஸ் காலையில் ஜன்னலைத் திறக்கிறார். தெருவில் நிற்கும் பையனிடம், கடையில் தொங்கும் பெரிய வான்கோழியை விலை பேசி ஆளைக் கூட்டிவரச் சொல்கிறார். வந்தால் ஒரு ஷில்லிங், ஐந்து நிமிஷத்துக்குள் வந்தால் அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். கேம்டன் டவுன் வரை அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று வண்டிக்கும் காசு கொடுத்து, தன் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் வீட்டுக்கு அனுப்புகிறார். யார் அனுப்பியது என்று பாபுக்குத் தெரியப்போவதில்லை என்று தனக்குள் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டுப் பக்கமே அவர் போவதில்லை.

படங்களுக்கு இது போதவில்லை. 1938 படத்தில் ஸ்க்ரூஜே பாப் வீட்டுக்குப் போய் நிற்கிறார். 1970இல் வந்த பாட்டுப் படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷமே போட்டுக்கொண்டு போகிறார். மிக்கி மவுஸ், மப்பெட் பொம்மைகள் நடித்த படங்களிலும் இதே கதைதான். கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் வேண்டும் அல்லவா! மப்பெட் படத்தில் ஸ்க்ரூஜாக வரும் மைக்கேல் கெய்ன் பொம்மைகளுக்கு நடுவே நின்று துளியும் கேலியில்லாமல் நடித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் கொடுத்தவர் முகம் தெரிந்துவிட்டால் அந்த வான்கோழி முதலாளி போட்ட இனாமாகிவிடுகிறது.

புத்தகத்தில் பாபுக்குச் சேரவேண்டியது மறுநாள் ஆபீஸில்தான் வருகிறது. பாப் பதினெட்டரை நிமிஷம் தாமதம். ஸ்க்ரூஜ் பழைய குரலில் அதட்டிவிட்டுச் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்கிறார். அப்புறம், அடுத்த எழுத்தை எழுதுவதற்கு முன் கரி போட இன்னொரு வாளி வாங்கி வா என்கிறார். முதல் அத்தியாயத்தில் கரிப்பெட்டியை ஸ்க்ரூஜ் தன் அறையிலேயே வைத்திருப்பார். பாபின் கணப்பில் ஒற்றைக் கரித்துண்டு எரிவதுபோல்தான் இருக்கும். கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியில் குளிர் காய்ந்தவருக்குக் கிடைத்த வாளி அது.

கிறிஸ்துமஸ் அன்று ஸ்க்ரூஜ் போவது இறந்துபோன தங்கையின் ஒரே மகன் ஃப்ரெட் வீட்டுக்கு. முந்தின நாள்தான் அவனை விரட்டியடித்திருந்தார். கதவைத் தட்டத் தைரியம் வராமல் பத்துப் பன்னிரண்டு தடவை வாசலைக் கடந்து போகிறார். அலஸ்டர் சிம் ஸ்க்ரூஜாக நடித்த 1951 படம் இந்தத் தயக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. உள்ளே வந்தவர் கூடத்துக் கதவருகே தயங்கி, வேலைக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் ஒன்றும் பேசாமல், போங்கள் என்பதுபோல் தலையசைக்கிறாள். அந்தப் பெண் டிக்கன்ஸ் புத்தகத்திலும் வருகிறாள், ஆனால் இந்தத் தலையசைப்பு படத்தின் சொந்தச் சரக்கு. மூலத்தை மாற்றுவதென்றால் இப்படி மாற்றட்டும். கட்டுரையில் இந்தப் படத்தின் பேர்கூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை