பென்தாயூவில் துருப்பிடித்துக் கிடப்பவை

ஜி.ஆர். 10 பாதையில் நடக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸின் பிரனீஸ் மலையில், ஆரியேஜ் பகுதியில், சாந்தேன் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு மேலே எய்லி என்ற குக்கிராமத்திலிருந்து அராங் ஏரிக்கு ஏறும் பாதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜி.ஆர். 10 என்ற நெடும் நடைபாதையில், அட்லாண்டிக் கரையில் கிளம்பி மத்தியதரைக் கடல்வரை போகிற அவசரத்தில், பாறையில் வழிகாட்டப் பூசிய சிவப்பு வெள்ளைக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு பென்தாயூ என்ற பழைய சுரங்கத்தைக் கடந்துவிடுகிறீர்கள்.

எய்லி சுமார் 1,000 மீட்டர் உயரம். பென்தாயூ 1,900-ஐத் தொடும். ஒரு பையைச் சுமந்து ஏறுவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது. அந்த உயரத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஈயமும் துத்தநாகமும் வெட்டினார்கள். தாது கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே எய்லிக்கு இறங்கும். அங்கே ஆலையில் இடித்துப் பிரிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எல்லாம் நின்றுபோனது. கூரை போன கட்டடங்களும் துருப்பிடித்த இரும்பும் மிச்சம்.

அங்கே ஒருவர் உள்ளங்கை நீளப் போல்ட் ஒன்றைப் புல்லிலிருந்து எடுத்தார். மரை இன்னும் தேயவில்லை. கால்சட்டையில் துடைத்து, "ஞாபகத்துக்கு" என்று பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல். ஆளில்லாத வீடு என்பதற்காகக் கதவின் கொண்டியைக் கழற்றிக்கொண்டு போவோமா? அந்த மரையை இறுக்கிய கைக்கு அங்கே வேறு அடையாளம் இல்லை. ஆளுக்கு ஒன்று எடுத்தால், நமக்குப் பின்னால் வருகிறவர்கள் வெறும் புல்லைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், உங்கள் உடம்புக்காகவும் ஒரு வார்த்தை. ஆலை இருந்த இடத்து மண்ணில் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இன்னும் இருக்கின்றன. கழிவுமேட்டில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். சுரங்க வாயிலிலிருந்து வழியும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாட்டிலில் பிடிக்காதீர்கள். உள்ளே நுழையவும் வேண்டாம். பென்தாயூவுக்குப் பக்கத்தில் 1932-இல் நோர்பெர் காஸ்தரே சிகலேர் குகையைக் கண்டுபிடித்தார், உண்மைதான். அவர் குகைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், நாம் அப்படி இல்லை.

இளைப்பாற எப்படியும் நிற்பீர்கள். அந்தக் கம்பிவடம் எந்தச் சரிவில் இறங்கியிருக்கும் என்று கீழே எய்லிவரை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கையில் எதையாவது எடுத்திருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அதே பாதையில் நடந்த ஒருவன்