சனிக்கிழமை இரவு ஸ்டாண்ட்பை ஒத்திகை

அனைவருக்கும் வணக்கம்.

நம்ம பேட்ச் ரத்ததான எஸ்எம்எஸ்களை வரிசையில் வைத்து அனுப்பும் ஆக்டிவ்எம்க்யூ சர்வர் போன மாதம் படுத்தபோது அதன் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வர் எழவே இல்லை. பூட்டு கிடைக்கவில்லை என்று லாகில் ஒரே வரிதான், திரும்பத் திரும்ப. இரண்டு சர்வருக்கும் பொதுவான ஃபோல்டரில் உள்ள பூட்டு எந்த சர்வர் கையில் இருக்கிறதோ அதுதான் மாஸ்டர், அதாவது வேலை செய்யும் சர்வர். அந்த ஃபோல்டரை நாம் மவுண்ட் செய்திருந்தது என்எஃப்எஸ் 3-ல் (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை). அதில் மாஸ்டர் திடீரென்று செத்தால் பூட்டு விடுபடாது. என்எஃப்எஸ் 4-ல் பூட்டுக்கு உள்ள கெடு முடிந்ததும் தானே விடுபடும்.

வரும் சனிக்கிழமை இரவு 10 முதல் 12 வரை என்எஃப்எஸ் 4-க்கு மாற்றுகிறோம். அந்த நேரத்தில் அவசரம் என்றால் போன்தான்.

1. அனுப்பும், வாங்கும் புரோகிராம்கள் வைத்திருப்பவர்கள் ஃபெயிலோவர் முகவரியில் (ஒரு சர்வர் போனால் அடுத்ததற்குத் தாவ உதவும் முகவரி) இரண்டு சர்வரையும் போடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் தாவாது.
2. தாவும்போது ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். செய்தியின் ஐடி பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடுங்கள். திட்டு நமக்குத்தான் விழும்!
3. ஸ்டாண்ட்பையில் 61616 போர்ட் (புரோகிராம்கள் சர்வரோடு இணையும் வாசல்) மூடியிருந்தால் பதற வேண்டாம். பூட்டு கிடைத்த பிறகுதான் திறக்கும்.
4. 11 மணிக்கு மாஸ்டரின் பவர் கேபிளையே பிடுங்குவோம். ஸ்டாப் கமாண்ட் கொடுத்தால் பூட்டைச் சமர்த்தாக விட்டுவிடும், அது சோதனையே இல்லை.

சர்வர் அருகில் இருக்க இருவர் தேவை. வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே "வர்றேன்" போடுங்க.