எண் பார்க்காமல் பிளக் வாங்கச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மோட்டார் பக்கத்தில், பழைய கார் வைத்திருப்பவர்கள் பிளக்கின் எண் என்னவென்று கவலைப்படாமல், எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் இரிடியம் உலோக முனை வைத்த ரகத்துக்கு மாறிவிடலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையில் படங்கள் மிக அழகாக இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். ஆனால் அந்த வரியை எழுதிய அன்பர் ஒரு பழைய வண்டியின் பானெட்டையாவது திறந்து பார்த்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிளக்கின் எண் அதன் வெப்ப அளவை, அதாவது முனையின் சூட்டை அது எவ்வளவு விரைவில் வெளியேற்றும் என்பதைக் குறிப்பது என்பது தாங்கள் அறியாததன்று. முனையின் சூடு ஏறத்தாழ 500 டிகிரிக்குக் கீழே நின்றால் படிந்த கரி எரிந்து போகாது. 850 டிகிரியைத் தாண்டினால் பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இதில் கொடுமை என்னவென்றால், என்.ஜி.கே. கம்பெனியில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்த ரகம், சூட்டை விரைவில் வெளியேற்றிவிடும். பாஷில், அதாவது நாமெல்லாம் மைக்கோ என்றே கேட்டு வாங்கிப் பழகிய பிளக்கில், எண் கூடக் கூடச் சூட்டு ரகம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஷ் 8-க்கு ஈடாக வருவது என்.ஜி.கே. 5. இது தெரியாமல் வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில், "எட்டுக்கு எட்டு சரியாப் போச்சு, எந்தக் கம்பெனியா இருந்தா என்ன அண்ணாச்சி" என்று மைக்கோ 8-க்குப் பதிலாக எடுத்துக் கொடுத்த என்.ஜி.கே. 8-ஐ மாட்டிய என் வண்டி, டவுன் ரதவீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போதெல்லாம் மிஸ்ஸாகி, கழற்றிப் பார்த்தால் முனை முழுவதும் மையாகக் கரி பிடித்திருந்தது. அந்தக் கடைக்காரரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அவர் பத்திரிகை நடத்தவில்லை.

இரிடியத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. மெல்லிய முனை என்பதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே அது பொறி விடும். நீண்ட நாளும் உழைக்கும். ஆனால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டிருந்தால் இரிடியமும் கரியாகத்தான் போகும். பழைய பிளக்கைப் போல அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால், பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய அந்த நுனியே போய்விடும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

பிளக்கைத் திருகி ஏற்றும் மரையின் நீளத்தைப் பற்றியும் இல்லை. 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையிலேயே 12.7 மில்லிமீட்டர் நீளமும் உண்டு, 19 மில்லிமீட்டரும் உண்டு. இரண்டும் கையால் சுற்றினால் ஏறிவிடும். குட்டைப் பிளக் இருக்க வேண்டிய எஞ்சின் ஹெட்டில் நீளமானதை மாட்டினால் பிஸ்டன் வந்து அதன்மேல் முட்டலாம் என்பதையும், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்திப் பொறி வரவைக்கும் பழைய சுவிட்ச்) வைத்த வண்டிக்கு 0.6, 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய பிளக் முனை இடைவெளியைப் புதிய வண்டிக்குரிய 1.1 மில்லிமீட்டரில் விட்டால் பொறிக்கு மின்னழுத்தம் தரும் பழைய இக்னிஷன் காயில் (coil) திணறும் என்பதையும் சொல்ல இடமில்லாமல், காரின் நிறங்களைப் பற்றி அரைப்பக்கம் எழுத இடம் இருந்திருக்கிறது.

இது இன்று நேற்று வந்த மனவருத்தமன்று. முன்பொருமுறை பாயிண்ட் இடைவெளி பற்றிக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதியபோது, வண்டியை மாற்றிவிடுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் அளித்தீர்கள். காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபோது பழைய எஞ்சின்காரர்கள் என்ன செய்வது என்று கேட்டு எழுதியதற்கு அந்த ஒற்றை வரியும் வரவில்லை. அம்பாசிடர், மாருதி 800 இரண்டும் 2014-இல் தொழிற்சாலையில் நின்றுபோனது உண்மைதான். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அவை இன்னும் நிற்கவில்லை. அவற்றை ஓட்டுகிறவர்களும் தங்கள் இதழைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

ஆகவே அடுத்த இதழில் பெரிய கட்டுரை எதுவும் வேண்டாம். பிளக் வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள எண், மரை நீளம், இடைவெளி மூன்றையும் பார்க்க வேண்டும் என்றும், கம்பெனி மாறினால் எந்த எண்ணுக்கு எது ஈடு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும். படம் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.