பாதிக் கதை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் தொடங்கினால் நீ மீட்டிங் என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. முன்பெல்லாம் வீடியோவில் வருவாய். இப்போது குரல் மட்டும் வருகிறது. கேமரா பழுது என்றாய். சரி.

இங்கே நியூயார்க் குயின்ஸில் குளிர் இன்னும் போகவில்லை. கறிவேப்பிலைச் செடி வரவேற்பறையில்தான் இருக்கிறது, இரண்டு கொழுந்து விட்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. சனிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். "அவன் பிறந்தநாள் ஆவணியில்தானே, இப்போது எதற்கு?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

சின்ன மாமாவுக்கு விரல்கள் மரத்துப்போய்ப் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்தியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதத்தில் சரியாகிவிட்டார். பி12 குறைந்தாலும் கை கால் மரத்துப்போகுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் காரியங்கள். பொதுவாகச் சொல்கிறேன். தண்ணீர் நிறையக் குடி. இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து வேலை செய்யாதே.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் காலத்து பேஸ்பால் ஆட்டக்காரர் லூ கெரிக்கைப் பற்றி. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் உனக்கு அதைப் பாதிதான் சொன்னேன்.

1995 செப்டம்பர் 6 உனக்கு நினைவிருக்கிறதா? பால்டிமோரில் கேல் ரிப்கன் இடைவிடாமல் 2131-ஆவது ஆட்டம் ஆடி, கெரிக்கின் கணக்கைத் தாண்டிய இரவு. உனக்கு எட்டு வயது. நேரமாகியும் உன்னைத் தூங்க அனுப்பாமல் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தேன். ஆட்டத்தை இருபத்திரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு அரங்கமே எழுந்து கைதட்டியது. ரிப்கன் மைதானத்தைச் சுற்றி வந்து வேலியோரம் நின்றவர்களின் கைகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போனார். "இவருக்கு முன்னால் யார்?" என்று நீ கேட்டாய்.

அன்று ஆரம்பித்தேன். 1925 ஜூன் 1 முதல் 1939 ஏப்ரல் கடைசி வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 2130 ஆட்டம். ஒன்றுகூட விடவில்லை. முதுகுப் பிடிப்போடு ஆடினார், விரல் உடைந்தும் ஆடினார். பிற்காலத்தில் கைகளை எக்ஸ்ரே எடுத்தபோது, தானாகவே கூடிக்கொண்ட பதினேழு எலும்பு முறிவுகள் தெரிந்தன என்று சொல்வார்கள். நீ உன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாய். பிள்ளைக்கு நல்லதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு சிறுவர் அணியில் சேர்ந்தாய். இடதுகைக்காரன் என்பதால் உன்னை பர்ஸ்ட் பேஸில், அதாவது பந்தை அடித்தவன் முதலில் ஓடி வரும் தளத்தில், நிறுத்தினார்கள். கெரிக்கும் இடதுகைக்காரர், நின்றதும் அதே இடம். ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி எத்தனை முறை கரண்டியைப் பிடுங்கி உன் வலது கையில் திணித்திருப்பாள்! அந்த இடது கைக்கென்றே இந்த ஆட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த இடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பர்ஸ்ட் பேஸில் நிற்பவனுக்குப் பந்தை வாங்கிக்கொள்வதுதான் வேலை. தரையில் உருளும் பந்தை யார் எடுத்தாலும் அவனிடம்தான் எறிவார்கள். ஒரு காலைப் பேஸில் ஊன்றி, மறு காலை எட்டும் மட்டும் நீட்டி, உயரமாக வந்தாலும் மண்ணில் குத்தி வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கெட்ட எறியை அவன் வாங்கிவிட்டால் எறிந்தவன் பெயர் தப்பித்துவிடும். யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. நீ இன்றுவரை அங்கேதான் நிற்கிறாய், தம்பி. அலுவலகத்தில் யார் விட்டுப்போன வேலையும் உன்னிடம் வருகிறது. தங்கை கல்யாணக் கடனை யாரும் கேட்காமல் நீயே வாங்கிக்கொண்டாய். எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது பத்து இரவு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினாய். உன்னைப் போல ஒரு பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆனால் உனக்கு ஒன்று என்றால் மட்டும் யாரிடமும் எறியமாட்டாய். பெற்ற அப்பனிடம்கூட. மருமகளையும் சேர்ந்து மறைக்க வைக்கிறாய். அது எனக்கு வலிக்கிறது.

கெரிக்குக்கு முன்னால் அந்த இடத்தில் நின்ற வாலி பிப் கதையையும் நான்தான் சொன்னேன். தலைவலி என்று ஒருநாள் உட்கார்ந்தார், அந்த இடம் கெரிக்குக்குப் போனது, பிறகு திரும்பவே இல்லை என்று. உனக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு காலையிலும் "பிப்பை நினைத்துக்கொள்" என்பேன். அது சரியான வரலாறு இல்லை என்று இப்போது படித்தேன். 1925-இல் அணியே தோற்றுக்கொண்டிருந்தது, பிப்பும் சரியாக அடிக்கவில்லை, மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் ஜூன் 2 அன்று ஆட்களை மாற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். தலைவலி பின்னாளில் ஒட்டிக்கொண்ட கதை. பிப்பும் தெருவுக்குப் போய்விடவில்லை. அடுத்த ஆண்டே சின்சினாட்டி அணிக்குப் போய் மூன்று பருவம் ஆடினார். ஒருநாள் படுத்தால் வாழ்க்கை போய்விடும் என்று ஒரு குழந்தையைப் பயமுறுத்த நான் பொய்க்கதையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

கெரிக் 1936-இல் 49 ஹோம் ரன் அடித்தார். 1937-இல் 37. 1938-இல் 29. இருபத்தொன்பது என்பது வேறு எவருக்கும் பெருமைக்குரிய எண்தான், அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. களைப்பு என்று அவரே நினைத்துக்கொண்டார். இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தால் சரியாகும் என்று நினைத்தார். 1939-இல் எட்டு ஆட்டத்தில் 28 முறை மட்டை பிடித்து நான்கே அடி. அந்த எட்டாவது ஆட்டத்தில், ஏப்ரல் 30 அன்று, தரையில் வந்த பந்தைப் பந்து வீச்சாளர் எடுத்து அவரிடம் எறிந்தார். ஆயிரக்கணக்கான முறை செய்த வேலை. கால் இழுத்துக்கொண்டு பேஸுக்குப் போய்ச் சேரவே நேரமானது. எப்படியோ வாங்கிவிட்டார். உடனே கூட ஆடுகிறவர்கள் வந்து பிரமாதம் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில்தான் அவருக்கு எல்லாம் புரிந்தது. சாதாரண ஒன்றைச் செய்ததற்கே பாராட்டுகிறார்கள் என்றால், தன்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

பொங்கலன்று உன் வீட்டுச் சமையலறையில் நீ ஊறுகாய்ப் புட்டியைத் திறந்தாய். முதலில் இடது கையால் முயன்றாய். பிறகு வலது கைக்கு மாற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு திறந்தாய். மருமகள் கைதட்டினாள். பாப்பாவும் அவளைப் பார்த்துக் கைதட்டியது. நீ சிரித்தாய். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரிந்த கைதட்டல்.

கெரிக் என்ன செய்தார் தெரியுமா? மே 2 அன்று டெட்ராய்ட்டில் மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம் தானே போய், இன்று என்னை உட்கார வையுங்கள் என்றார். மெக்கார்த்தி அவரை ஒருநாளும் உட்காரச் சொல்லியிருக்கமாட்டார். பெயர்ப் பட்டியலைக் கெரிக்கே நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பர்ஸ்ட் பேஸில் பேப் டால்கிரென் நின்றார். யாங்கீஸ் அன்று 22-க்கு 2 என்று ஜெயித்தது. அவர் இல்லாமல் ஆட்டம் நடந்தது, தம்பி. உன் அலுவலகமும் நடக்கும்.

ஜூன் மாதம் மின்னசோட்டாவில் மேயோ மருத்துவமனைக்குப் போனார். ஆறு நாள் சோதித்து, 1939 ஜூன் 19 அன்று இன்னதென்று சொன்னார்கள். அன்று அவருக்குப் பிறந்தநாள். 1903-இல் பிறந்தவர். எத்தனையாவது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வரும் ஆவணிக்கு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். அவர் பெயரை இந்த நாட்டில் எந்தத் தீராத நரம்பு நோய்க்கு வைத்து அழைக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். நள்ளிரவில் கம்ப்யூட்டரில் நீ அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்கு ஒரு பயம். நானும் படித்தேன். சின்ன மாமாவுக்கு வந்ததுதான் ஊரில் நூறு பேருக்கு வருகிறது. அதை டாக்டர் வாயால் கேட்டால்தான் உனக்கும் எனக்கும் தூக்கம் வரும்.

கெரிக்கின் அம்மா ஜெர்மனியிலிருந்து வந்தவர். நான்கு பிள்ளைகளில் இவர் ஒருவர்தான் தங்கினார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதியில் சமைத்துப் பிள்ளையை வளர்த்தார். என்ஜினியர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த அம்மாவைப் பற்றி முன்பு நான் நினைத்ததே இல்லை. இப்போது அவரைத் தவிர யாரும் நினைவுக்கு வருவதில்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினொரு வயது. ஜூன் மாதம், பள்ளி முடிய எட்டு நாள். பந்து பட்டு இடது மோதிர விரல் வீங்கிக் கறுத்துவிட்டது. நான்காவது ஆண்டாக ஒருநாளும் விடுப்பு எடுக்காத சான்றிதழ் உனக்குக் கிடைக்க இருந்தது. நானும் கிடங்கில் பத்தொன்பது ஆண்டாக லீவு போடாதவன். அந்தச் சான்றிதழ் எனக்கு உன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. ஐஸ் வைத்துத் துணி சுற்றி, "கெரிக் உட்கார்ந்தாரா?" என்று கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. எட்டு நாளும் அந்த விரலோடு போனாய். பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். உடைந்த எலும்பு தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. அம்மாவிடம், அவன் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை என்று சொன்னேன். நீ சொன்னாய். இரண்டாம் நாள் இரவு என் அறைக்கு வந்து சொன்னாய். போய்த் தூங்கு என்றேன். இருபத்தைந்து ஆண்டாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீ உனக்கு வலிக்கிறது என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கெரிக் உட்கார்ந்தார். நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

ரிப்கனும் உட்கார்ந்தார். 1998 செப்டம்பர் 20 அன்று, ஒரு நோயும் இல்லாமல், 2632 ஆட்டத்துக்குப் பிறகு இன்று வேண்டாம் என்று தானே மேலாளரிடம் சொன்னார். எதிரே இருந்தது யாங்கீஸ் அணி. அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்கும் உன்னை எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும். நான் அந்தச் செய்தியை மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒருவழிதான் எடுத்திருக்கிறேன். அம்மாவிடம் பாப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கு. எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் எனக்குச் செய்தி அனுப்பு. வேறு எதுவும் விளக்க வேண்டாம். வாகனம் நான் ஓட்டுகிறேன். உள்ளே வரவேண்டாம் என்றால் வெளியே உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடி. இரவில் கம்ப்யூட்டரைத் திறக்காதே.

கூடத்தில் மாட்டியிருந்த உன் நான்கு சான்றிதழ்களையும் நேற்று இறக்கிவிட்டேன். சுவரில் நான்கு சதுரம் வெளுப்பாகத் தெரிகிறது. பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அப்பா