தோல் முதலில், சாறு கடைசியில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ போனை வைத்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்தச் சாப்பாட்டு டப்பாவிலேயே இருக்கிறது. கேரட், கொண்டைக்கடலை, கீரை எல்லாம் நறுக்கிப் போட்டு, ஆரஞ்சுச் சாறும் எண்ணெயும் கலந்து ஊற்றி நைட் டியூட்டிக்கு எடுத்துப் போனாய். நடுராத்திரி திறந்து வாயில் வைத்தால் ஒரே கசப்பு. அப்படியே கொட்டிவிட்டு, பிஸ்கட்டைத் தின்று விடியும்வரை வேலை பார்த்திருக்கிறாய். அதைவிட, "எனக்குச் சமையல் கை வராதுப்பா" என்று சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பழத்தின் குணம் உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 32 வருஷம் எஸ்டேட் பங்களா அடுப்படியில் நின்றவன் பெண்ணுக்கு அது தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பங்களா சமையல்கட்டுக்கு வந்து, அந்த மர ஸ்டூலில் ஏறி நின்று எட்டி எட்டிப் பார்ப்பாய். "போய்ப் புத்தகத்தை எடு" என்று ஒவ்வொரு நாளும் விரட்டினேன். என் கையில் இருந்த கரண்டி உன் கைக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. நீ நர்ஸ் ஆகிவிட்டாய், சந்தோஷம். ஆனால் பட்டினியாக டியூட்டி பார்க்கும் நர்ஸாக உன்னை அனுப்ப நான் நினைக்கவில்லை. அன்றைக்குச் சொல்லித் தராததை இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வண்டிப்பெரியாறு மழையில் கரண்டு போனால் நாம் விளையாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கம்பம் சந்தையிலிருந்து அம்மா வாங்கி வந்த கமலா ஆரஞ்சை உரித்து, அந்தத் தோலை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் மடக்கிப் பிதுக்குவாய். புஸ்ஸென்று சின்னச் சின்னதாகப் பொறி பறக்கும். வீடு முழுக்க மணக்கும். நீ கைதட்டிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் செய்வாய். அன்றைக்கு அந்த நெருப்பில் பட்டுப் பொறிந்தது எண்ணெய். ஆரஞ்சின் மேல்தோலில் ஊசி குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. ஆரஞ்சின் வாசனையில் பெரும்பங்கு அந்தப் பையில்தான் இருக்கிறது. சாற்றில் இருப்பது புளிப்பும் இனிப்பும். நீ சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோலைக் குப்பையில் போட்டுவிட்டாய். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பங்களாவுக்குப் போன புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன்.

நன்றாக மனசில் வைத்துக்கொள். தோலில் இருப்பது எண்ணெய். பட்டை, கிராம்பு, ஏலக்காயின் மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். ஆகவே இவை எல்லாம் ஒரே ஜாதி. சமையலின் ஆரம்பத்திலேயே, இளஞ்சூட்டு எண்ணெயில் ஒன்றாகச் சேர வேண்டியவை. சாறு கடைசியில் வர வேண்டியது. சீக்கிரம் ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதன் புது வாசனை ஆவியோடு போய்விடும். எனக்கு இதைச் சொல்லித் தந்த பழைய பட்லர் தாத்தா, "தோல் முதல்ல, சாறு கடைசியில, வெள்ளை எப்பவும் வேணாம்" என்பார். வெள்ளை என்றால் தோலுக்கு அடியில் பஞ்சுபோல இருக்கிறதே, அது. கசப்பு அதில் நிறைய.

ஆனால் உன் டப்பா கசந்ததற்குக் காரணம் அந்த வெள்ளை இல்லை என்று நினைக்கிறேன். நீ வாங்கியது அடியில் தொப்புள் மாதிரிக் குழிந்து, உள்ளே ஒரு குட்டிப் பழம் ஒட்டிக்கொண்டு, விதையே இல்லாமல் இருக்கும் என்றாய். அது நேவல் ரகம். சுளையாகத் தின்றால் தேன். பிழிந்து வைத்தால் சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்துகொண்டே போகும். சூடு காட்டினால் இன்னும் சீக்கிரம் கசக்கும். தம்பியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். லிமோனின் என்று அதற்குப் பெயராம். பழத்துக்குள் கசப்பில்லாத வேறு உருவத்தில் இருப்பது, பிழிந்த பிறகு சாற்றின் புளிப்போடு சேர்ந்து கசப்பாக மாறுகிறதாம். நீ சாயங்காலம் பிழிந்தாய், நடுராத்திரி சாப்பிட்டாய். அதனால்தான் அப்படி ஆனது.

சரி, இனி இப்படிச் செய். சின்ன வாணலியில் நாலு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்று. கிடைத்தால் கடலை எண்ணெயும் சரிதான். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசம் ஆரஞ்சை அமுக்கிவிடும். அரைக் கரண்டி சீரகம், விரல் நுனி அளவு பட்டை, ஒரே ஒரு கிராம்பு, தட்டிய ஏலக்காய் இரண்டு. அடுப்பு மெலிதாக எரியட்டும். சீரகத்தைச் சுற்றி ஒன்றிரண்டு குமிழ் வந்ததும் இறக்கிவிடு. தாளிக்கிற மாதிரிப் பொரியவிட்டால் போச்சு. இறக்கிய எண்ணெயில் ஒரு பழத்தின் மேல்தோலை மட்டும் சன்னமாகத் துருவிப் போட்டு மூடி வை. துருவும் முன் பழத்தைச் சுடுதண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவு. அங்கே கடையில் மெழுகு பூசித்தான் விற்பார்கள். கால் மணி கழித்து வடிகட்டி ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, அரைக் கரண்டி கடுகு விழுது, உப்பு, மிளகுப்பொடி, துளி தேன் சேர்த்துக்கொள். எண்ணெயும் சாறும் பிரிந்து போகாமல் சேர்த்துப் பிடிப்பது அந்தக் கடுகு விழுதுதான்.

டியூட்டிக்குப் போகும்போது பையில் இந்தப் பாட்டிலும், ஒரு முழு ஆரஞ்சும், பாதி எலுமிச்சையும் இருக்கட்டும். சாப்பிட உட்காரும்போது ஆரஞ்சை வெட்டி இரண்டு கரண்டியும் எலுமிச்சை ஒரு கரண்டியும் பாட்டிலில் பிழிந்து, மூடிக் குலுக்கி ஊற்று. எலுமிச்சை இல்லாமல் செய்யாதே. ஆரஞ்சின் புளிப்பு எலுமிச்சையில் கால்பங்குகூட வராது. அதை மட்டும் நம்பினால் எல்லாம் வழவழவென்று சப்பென்றிருக்கும். வேகவைத்த பீட்ரூட்டுக்கும் பச்சைக் கேரட்டுக்கும் இது அப்படிப் பொருந்தும். கொண்டைக்கடலையை மட்டும் வீட்டிலேயே, சூடாக இருக்கும்போதே, சாறு சேர்க்காத இந்த எண்ணெயில் கொஞ்சம் விட்டுப் புரட்டி வை, உள்ளே இழுத்துக்கொள்ளும். மொராக்கோ நாட்டில் ஆரஞ்சை வட்ட வட்டமாக வெட்டி, மேலே பட்டைப்பொடி தூவியே பரிமாறுவார்கள் என்று பங்களாவுக்கு வந்த ஒரு விருந்தாளி அம்மா சொல்லித் தந்து நானும் செய்திருக்கிறேன். முதலில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஒரு சுளை வாயில் போட்ட பிறகு மாற்றிப் பேச முடியவில்லை.

பட்டை வாங்கும்போது பார்த்து வாங்கு. கெட்டியாக, ஒரே சுருளாக, உடைக்கப் பல்லும் கையும் வலிக்கிற பட்டை வேறு. சுருட்டு மாதிரி மெல்லிய ஏடு ஏடாக உள்ளே சுருண்டு, விரலால் நொறுங்குவது வேறு. முதலாவது பிரியாணிக்குச் சரி. ஆரஞ்சோடு சேர்க்க அந்த மெல்லியதுதான் வேண்டும், காரம் குத்தாமல் இனிப்பாக வரும். உன் கூட வேலை பார்க்கும் கோட்டயத்துப் பெண்ணிடம் கேட்டால் கறுவப்பட்ட என்பாள், அன்னாசிப்பூவைத் தக்கோலம் என்பாள், ஆரஞ்சை மதுர நாரங்ஙா என்பாள். ஆரஞ்சு என்ற இங்கிலீஷ் வார்த்தையே நம் பக்கத்து நாரத்தை, நாரங்ஙா வழியாகச் சமஸ்கிருதம், பாரசீகம், அரபி என்று ஊர் ஊராகப் போய் உருமாறி அங்கே சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நீ இருக்கும் ஊரில் அந்தப் பேரைச் சொல்லித்தானே வாங்குகிறாய்.

இப்போது கோழி. அதற்கு முன் ஒரு வாத்துக் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கிறிஸ்துமஸ் விருந்து. குட்டநாட்டு வாத்து மலையேறி வந்திருந்தது. பட்லர் தாத்தாவுக்குக் காய்ச்சல், நான் தனியாக நின்றேன். பிரெஞ்சுக்காரர்கள் வாத்தை ஆரஞ்சோடு சமைப்பார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தேன், முறை தெரியாது. சாற்றை முழுக்க வாத்தின் மேல் ஊற்றி ஓவனில் வைத்தேன். சாற்றில் இருந்த சர்க்கரை முதல் அரைமணியிலேயே கருகிவிட்டது, உள்ளே இறைச்சி வேகவே இல்லை. தோலை வெள்ளையோடு நறுக்கிக் குழம்பில் போட்டிருந்தேன், அது தனிக் கசப்பு. விருந்துக்கு வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைத் தின்று எழுந்தார்கள். தட்டுகள் அப்படியே திரும்பி வந்தபோது எனக்கு அழுகை வந்தது. காய்ச்சலோடு எழுந்து வந்த தாத்தா திட்டவில்லை. மறுநாள் ஒரு சின்னச் சட்டியில் சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி, அதில் வினிகரை ஊற்றிக் கரைத்து, அதன்மேல் வாத்து வெந்த சாறு, கடைசியில் ஆரஞ்சுச் சாறு என்று செய்து காட்டினார். ஒரு சொட்டு என் நாக்கில் வைத்தார். அன்று கற்றதுதான் இன்றுவரை.

வாத்து உனக்கு வேண்டாம், கொழுப்பு நிறைய வடியும், அந்தச் சின்ன ஃப்ளாட்டில் புகைமணி அலறும். கோழித் தொடை ஒரு கிலோ, எலும்போடும் தோலோடும் வாங்கு. உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு தடவி அரைமணி வை. ஊறவைக்கும்போது ஆரஞ்சைத் தொடாதே. ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் மேல் சதை மாவுபோல ஆகிவிடும். அகலமான சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே வைத்து நன்றாகச் சிவக்க வறுத்து எடுத்து வை. அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு மூன்று, ஏலக்காய் நாலு, அன்னாசிப்பூ ஒன்று. கத்தியால் வெள்ளை படாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் நாலைந்து நீளத் துண்டு. அந்தத் தோலின் ஓரம் லேசாகச் சுருளும் நேரத்தில் ஒரு வாசம் வரும் பார், சமையல்கட்டுக் கதவைத் திறந்து வை, பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரித்து வருவார்கள். உடனே சின்ன வெங்காயம் ஒரு கை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் இரண்டு கீறிப் போட்டு வதக்கு. கோழியைத் திரும்ப வைத்து அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடி அரைமணி வேகட்டும். மூடியைத் திறந்து, தண்ணீர் சுண்டியதும் முக்கால் டம்ளர் சாறு. அதற்கப்புறம் ஐந்து நிமிஷம், பளபளவென்று கோழியில் ஒட்டும், இறக்கிவிடு. இதற்கு மட்டும் நேவல் பிழியாதே. வாலென்சியா கிடைத்தால் அது, இல்லையென்றால் க்ளெமென்டைன் என்று சின்னதாக விற்கிறார்களே, அது போதும். இறக்கிய பிறகு மிளகைப் புதிதாகப் பொடித்துத் தூவு.

கோழி தின்னாத நாளில் பூசணிக்காயை இதே முறையில் செய்யலாம், வேகும் நேரம்தான் குறைவு. தேங்காய்ப் பால் விட்டு இஷ்டு (ஸ்டூ) மாதிரி செய்ய ஆசை வந்தால், சாறு கொதிக்கும் பாலில் விழக் கூடாது, திரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு ஆரஞ்சுத் தோல் துருவல் மட்டும் போடு.

மிச்சத் தோலை எறியாதே. உன் அம்மா காந்தளூர்க்காரி, அவள் வீட்டு முற்றத்தில் ஆரஞ்சு மரம் நின்றது. அங்கே தோலைப் பொடியாக நறுக்கி, ஒரு கொதி விட்டுத் தண்ணீரை இறுத்து, புளிக்கரைசலும் மறையூர் வெல்லமும் போட்டுக் கெட்டியாகக் குழம்பு வைப்பார்கள். கடைசியில் வெந்தயப்பொடி. கல்யாணம் ஆகி வந்த வாரம் அதை எனக்கு வைத்துக் கொடுத்தாள். நான் பங்களா சமையல்காரன் என்ற நினைப்பில் இருந்தவன், அன்று இரண்டு தட்டு கூடச் சாப்பிட்டேன். அதன் அளவை அவள்தான் சொல்ல வேண்டும், நான் தலையிட்டால் கோபப்படுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கேள்.

நாளைக்குப் பார்சல் போடுகிறேன். ஏலக்காய் 100 கிராம், 8 எம்.எம். பருமன் காய், புற்றடியில் ஏலத்துக்குப் போகும் சரக்கிலிருந்தே தெரிந்தவர் எடுத்துத் தந்தார். பச்சை மாறாமல் டிரையரில் காய்ந்தது. தோலோடே வைத்துக்கொள், வேண்டும்போது மட்டும் தட்டு. பொடித்து வைத்தால் சீக்கிரமே மணம் போய் வெறும் தூள். கூடவே மெல்லிய பட்டை ஒரு கட்டு, கிராம்பு, மிளகு. பாட்டிலை மட்டும் நீ அங்கேயே வாங்கிக்கொள், கண்ணாடியில் இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் ஆரஞ்சு எண்ணெயின் வாசம் ஏறிவிடும்.

அடுத்த நைட் டியூட்டி என்றைக்கு என்று சொல். அன்று ராத்திரி நீ டப்பாவைத் திறக்கிற நேரத்துக்கு நான் முழித்திருப்பேன், இங்கே விடியற்காலையாக இருக்கும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா